ஊருக்கென்று ஒதுக்கிய குச்சி

மலர்க்கொடி அக்காவின் வயலில் நான் முதன்முதலில் நட்டது நோய் பிடித்த குச்சிகளை. திருட்டுத்தனமாக இல்லை, அவரிடம் சொல்லிவிட்டுத்தான் நட்டேன். மூவாயிரம் மரவள்ளிக் குச்சிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நான் தயாரித்த வைரஸ். ஆராய்ச்சி நிலையத்தில் எட்டு வருடம் உட்கார்ந்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தலைமுடியில் பாதியை இழந்து உண்டாக்கிய வைரஸ் அது. பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விடப்போகிற அப்பன் மாதிரிதான் அன்றைக்குப் பச்சைமலை ஏறினேன்.

ஊரின் பெயர் கருங்காலிப்பட்டி. இருபத்திரண்டு வீடுகள். மழை ஒழுங்காகப் பெய்து பத்து வருடம் ஆகியிருந்தது. நெல்லுச்சோறு கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் என்று ஆகிப்போய், மற்ற நாளெல்லாம் மரவள்ளிக் கிழங்குதான். அதிலும் பழைய நல்ல ரகம் தாங்கவில்லை. வறட்சியிலும் கிழங்கு வைக்கிற புது ரகம் ஒன்று வந்தது. தண்ணீரே இல்லாமல் வளரும், ஆடும் பன்றியும் வாய் வைக்காது. ஏன் வாய் வைக்காது என்றால் உள்ளே அவ்வளவு விஷம்.

மரவள்ளியில் விஷம் இருப்பது ஊருக்குத் தெரிந்த விஷயம்தான். கிழங்கைச் சீவி மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்டினால் விஷம் போய்விடும். ஆனால் தண்ணீருக்கு எங்கே போவது? லாரி நான்கு நாளுக்கு ஒருமுறை வரும். தலைக்கு இரண்டு குடம், தண்ணீர் அட்டையில் துளை போட்டுத்தான் தருவார்கள். மூன்று நாள் ஊறவேண்டியது ஒரு நாள் ஊறியது. பிறகு அரை நாள். பிறகு சும்மா கழுவினார்கள்.

அந்தக் கோடையில்தான் பிள்ளைகளுக்குக் கால் விறைக்க ஆரம்பித்தது. முதல் நாள் சாயங்காலம் ஓடி விளையாடிய பிள்ளை மறுநாள் காலையில் எழுந்தால் முழங்கால் மடங்காது, குதிகால் தரையில் பதியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வந்தது வந்ததுதான், திரும்பாது. கருங்காலிப்பட்டியில் மூன்று பிள்ளைகளுக்கு வந்தது. அவர்களில் ஒருத்தி மலர்க்கொடி அக்காவின் மூத்த மகள் தாரணி. நான் போனபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றி, பாதத்தின் முன்பகுதியால் மட்டும் தரையைத் தொட்டு நடந்தாள். அவளுக்கு அடுத்தவள் இனியா, ஐந்து வயது, ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத வாண்டு.

"எதுக்கு ஒத்துக்குறேன்னு தெரியுமா சார்?" என்று அக்கா முதல் நாளே கேட்டுவிட்டார். "இந்தச் சின்னது காலு. அவ்ளோதான். இவ காலு போகக்கூடாது. அதுக்கு நீங்க என் காட்டுல நோயை வெச்சாலும் சரி, பேயை வெச்சாலும் சரி."

வரப்பில் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். என் பெயர் நாவுக்கரசன். பேர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள், வாய் ஓயாது.

"அக்கா, செடிக்குள்ள விஷம் தயாரிக்கச் சொல்லி ஒரு உத்தரவு இருக்கு. அந்த உத்தரவை அழிக்கறதுக்குச் சட்டத்துல ஆயிரம் தடை. அனுமதி வாங்கவே பத்து வருஷம் ஆகும். நாங்க அழிக்கல, அது வாயை மட்டும் பொத்துறோம்."

"எப்படி?"

"செடிக்குள்ள வைரஸ் நுழைஞ்சா, செடி அதோட அடையாளத்தை மனசுல வெச்சுக்கும். அந்த அடையாளத்தோட எது வந்தாலும் துண்டு துண்டா நறுக்கிடும். நாங்க என்ன பண்ணோம்னா, செடியோட விஷ உத்தரவுல இருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து வைரஸ்ல ஒட்டிட்டோம். இப்ப செடி வைரஸை நறுக்குறப்ப…"

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"மாப்ளை சட்டையைத் திருடனுக்குப் போட்டு அனுப்பிட்டீங்க. வீட்டுக்காரங்க அந்தச் சட்டையைப் பாத்தாலே அடிக்கிறாங்க. நெசமான மாப்ளை வந்தாலும் அதே அடிதான். சரியா?"

எட்டு வருடத்தில் நான் எழுதிய எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாக இல்லை. பிற்பாடு மேடைக்கு மேடை இந்த மாப்பிள்ளைக் கதையைத்தான் சொல்லிக் கைதட்டு வாங்கினேன். யார் சொன்னது என்று ஒரு மேடையிலும் சொல்லவில்லை, அது என் புத்தி.

வைரஸ் உள்ளே இருக்கிற செடியின் இலையில் மஞ்சள் திட்டு விழும். மஞ்சள் விழுந்தால் விஷம் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம், பச்சையாக இருந்தால் ஊறவைத்துத்தான் தின்ன வேண்டும். அதையும் சொன்னேன். அக்கா முகம் சுளித்தார்.

"மஞ்சத் தேமல் விழுந்த செடியப் பாத்தா புடுங்கி எறியற கை சார் இது."

"தெரியும்க்கா. இதைப் புடுங்கிடாதீங்க."

புடுங்கவில்லை. பத்து மாதம் கழித்துக் கிழங்கு தோண்டினோம். மஞ்சள் இலைச் செடிகளின் கிழங்குகளை ஒவ்வொன்றாகச் சீவி, புட்டியில் போட்டு, மேலே மஞ்சள் தாளைத் தொங்கவிட்டேன். விஷம் இருந்தால் அந்தத் தாள் செங்கல் நிறமாகிவிடும். இருநூறு புட்டியிலும் தாள் மஞ்சளாகவே இருந்தது. ஊறவைக்காமல், அப்படியே வேகவைத்து, பச்சைமிளகாய் அரைத்துத் தொட்டுக்கொண்டு ஊரே உட்கார்ந்து தின்றது. நான் அழுதுவிட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இரண்டாவது வருடம் நிலையமே இருபத்திரண்டு வீட்டுக்கும் குச்சி கொடுத்தது. எல்லாம் மஞ்சள் இலைச் செடிகள், எல்லாக் கிழங்கும் சுத்தம். ஊரில் யாருக்கும் புதிதாகக் கால் விறைக்கவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது, தலைநகரத்தில் குளிரூட்டிய அறை கிடைத்தது. மூன்றாவது வருடம் திட்டத்துக்கு ஒதுக்கிய நிதி வேறு மாவட்டத்துக்குப் போனதால் கருங்காலிப்பட்டிக்கு யாரும் போகவில்லை. குச்சி எப்படி வைப்பது, எதை எடுப்பது என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. பரம்பரையாக மரவள்ளி வைக்கிறவர்களுக்கு, அதிலும் மலர்க்கொடி அக்காவுக்கு, நான் போய்க் குச்சி பொறுக்கச் சொல்லித் தருவதா என்று நினைத்தேன். மரியாதைதான். அந்த மரியாதையை இன்றைக்கு நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாவது வருட அறுவடைச் சமயத்தில், நிலையத்தின் ஆண்டு மலருக்காகச் சில படங்கள் வேண்டும் என்று இயக்குநர் சொன்னதால் மறுபடி மலையேறினேன். கையில் வழக்கம்போலச் சோதனைப் பெட்டி. தேவைப்படும் என்று எடுத்துப் போகவில்லை, பழக்கதோஷம்.

வளைவு திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டேன். சரிவு முழுக்கப் பச்சை. சில வயல்களில் தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். மிச்ச வயல்களில் ஆள் உயரத்துக்கும் மேலே செடிகள், தண்டு ஒவ்வொன்றும் கைமணிக்கட்டு கனம். அந்தக் காய்ந்த மலையில் அப்படி ஒரு வளர்ச்சியை நான் பார்த்ததே இல்லை. மனசு நிறைந்து, நாலைந்து படம் எடுத்து அங்கிருந்தே இயக்குநருக்கு அனுப்பினேன். 'நம்ம ஊர்' என்று வேறு எழுதினேன்.

அக்காவின் வயல் மட்டும் சோப்ளாங்கியாக இருந்தது. இடுப்பளவு உயரம், சுருங்கின இலை, மஞ்சள் திட்டு.

"என்னக்கா இது, ஊரே செழிப்பா இருக்கு, உங்க காட்டுக்கு மட்டும் என்ன வந்தது?" என்று கிண்டலாகக் கேட்டுக்கொண்டே வாசலில் உட்கார்ந்தேன்.

வாசலில் ஏழெட்டுக் கூடைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மண் உதிராத புதுக் கிழங்கு. தாரணி அடுப்பங்கரையில் இருந்தாள். நன்றாக வளர்ந்துவிட்டாள், பதினாறு வயது. இனியா கூடைகளைத் தாண்டித் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

"வராது பின்ன?" என்று அக்கா சிரித்தார். "நல்லதெல்லாம் ஊருக்குக் குடுத்துட்டேன். கழிச்சுப் போட்டதை நான் வெச்சுக்கிட்டேன். இது எங்க மாமனார் காலத்துப் பழக்கம் சார். குச்சியை விக்கக் கூடாது, வித்தா காடு விளங்காது. கேட்டவங்களுக்கு இருக்கறதுல நல்லதாப் பாத்துக் குடுக்கணும். வாங்கினவங்க மொதக் கிழங்கை நம்ம வாசல்ல கொண்டாந்து வெப்பாங்க. இந்தா பாருங்க, மூணு வாரமா வந்துட்டே இருக்கு."

"நல்லதுன்னா?"

"பச்சையா, தெடமா இருக்கறதுதான். மொத வருஷமே பாத்தேன். உங்க மூவாயிரத்துல ஒரு நூத்தம்பது செடிக்கு மழைக்கப்பறம் மஞ்ச மறைஞ்சு போச்சு. நோயை உதறிட்டுத் தளதளன்னு எந்திரிச்சு நின்னுச்சு. அதை ஒடைச்சுத் தனிப் பாத்தியில வெச்சேன், ஊருக்குன்னு. அடுத்த வருஷம் அது பெருகுச்சு. இந்த வருஷம் மத்த இருபத்தோரு வீட்டுக்கும் பத்துச்சு. தேமல் குச்சியை எப்படி சார் அடுத்தவங்க கையில குடுக்கறது? மனசு வருமா?"

வரிசையாக இருந்த கூடைகளை நான் திரும்பிப் பார்த்தேன்.

செடி நோயை உதறிவிடும். நூற்றில் ஐந்தாறு செடி அப்படி உதறும் என்று எனக்குத் தெரியும். ஆய்வறிக்கையில் அதற்கென்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறேன். வைரஸ் வெளியேறிவிட்டால் பொத்திய வாய் திறந்துகொள்ளும், விஷம் பழையபடி ஊறும். ஆயிரம் செடியில் ஐம்பது, அங்கொன்று இங்கொன்று, பெரிய ஆபத்தில்லை என்றுதான் கணக்குப் போட்டிருந்தோம். அந்த ஐம்பதை மட்டும் ஒரு நல்ல கை தேடித் தேடிப் பொறுக்கி, மூன்று வருடம் வளர்த்து, ஊருக்கே கொடுக்கும் என்று எந்தக் கணக்கிலும் நாங்கள் போடவில்லை.

"அக்கா, இந்தக் கிழங்கை ஊறவெச்சுச் சாப்பிடுறீங்களா?"

"ஊறவெக்கறதா? அதெல்லாம் மறந்தே போச்சே சார். நீங்கதானே வேண்டாம்னீங்க."

"பச்சை இலைச் செடின்னா ஊறவெக்கணும்னு சொன்னேனே."

"அது ஆபீஸ் குச்சி வர்றதுக்கு முன்னாடி இருந்த செடிக்குன்னு நெனச்சோம். இது நீங்க குடுத்த குச்சியில வந்ததுதானே? மருந்து பழகி, மஞ்ச மறைஞ்சுடுச்சுன்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏன் சார்?"

நான் கூடைக்கு ஒரு கிழங்கு எடுத்துச் சீவி, புட்டியில் போட்டுத் தாளைத் தொங்கவிட்டேன். ராத்திரி வரை காத்திருக்க வேண்டிய சோதனை அது. அரை மணி நேரத்திலேயே எட்டுத் தாளும் நிறம் மாற ஆரம்பித்துவிட்டன. அக்கா குனிந்து பார்த்தார். அந்தத் தாள் மாறினால் என்ன என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், முதல் வருடம் முழுக்க எனக்குப் புட்டி கழுவிக் கொடுத்தவர் அவர்தான்.

"நான் குடுத்தது," என்றார்.

அப்படியே இனியாவைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வாரமாக அந்த வீட்டில் கூடைக் கிழங்குதான் உணவு. வாசலுக்கு வந்த முதல் கிழங்கைத்தான் முதலில் தின்னவேண்டும், அதுதான் கொடுத்தவர்களுக்கு மரியாதை.

நான் நிலையத்துக்குப் போன் போட்டேன். இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க நாவுக்கரசன். மாதிரியை இங்க கொண்டு வாங்க. உறுதி பண்ணிட்டு முறைப்படி அறிவிப்போம். இப்ப நீங்களா எதாவது சொல்லிப் பீதியைக் கிளப்பிட்டா, மத்த ஆறு மாவட்டத்துலயும் திட்டம் நின்னுடும்."

"சார், பிள்ளைங்க இன்னைக்குச் சாயங்காலம் சாப்பிடுவாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன், நிதானமா…"

நான் போனை அணைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் மேலதிகாரியின் பேச்சுக்குக் குறுக்கே போனை அணைத்தது அது ஒருமுறைதான். அப்புறம் தண்ணீர் லாரி ஓட்டுகிற ராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டேன். என் பெயரில் எழுதிக்கொள், மூன்று லாரி கொண்டு வா, அட்டை கேட்காதே என்றேன். அந்த மனிதர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒண்ணுக்குச் சோதனை பண்ற தாள் இருக்கா சார்?" என்று கேட்டார் அக்கா.

"இருக்கு. முதல்ல இனியாவைப் பாத்துடுவோம்."

"இல்ல. அவங்களைப் பாப்போம் மொதல்ல. குடுத்தது நானு."

"அக்கா…"

"என் புள்ளையப் பாத்துட்டு, அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆச்சுன்னா எனக்கு மனசு ஆறிடும். அவளுக்கு எதாவது ஆச்சுன்னா நான் இந்த எடத்தை விட்டு எந்திரிக்க மாட்டேன். ரெண்டுல எது ஆனாலும் மத்த வீட்டுக்குப் போகக் காலு வராது. வாங்க."

சிறுநீரில் விஷத்தின் மிச்சம் கூடக்கூட மஞ்சளிலிருந்து பழுப்பாகிற தாள்களை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் அக்காதான் பேசினார். நான் பேசியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள். அவ்வளவு அழகாக விளைந்திருந்த கிழங்கு அது. "நான் குடுத்த குச்சி தப்பு. விஷம் திரும்பிடுச்சு. அடுப்புல இருக்கறதைக் கொட்டு. தண்ணி வருது, மூணு நாள் ஊறப்போடு. புள்ளைங்களைக் கூப்பிடு." ஒரே வார்த்தைகள், இருபத்தொரு வாசலில். எங்கேயும் அவர் வைரஸ் என்று சொல்லவில்லை, நிலையம் என்று சொல்லவில்லை, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் நடுவில் புகுந்து, "தப்பு எங்க மேலதான், அக்கா மேல இல்ல" என்று சொல்வேன். அவர் காதில் வாங்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்.

சிலர் திட்டினார்கள். ஒரு கிழவர், "நல்லா வெளையுதேன்னு வயித்தெரிச்சல் உனக்கு" என்றார். ஆனால் மலர்க்கொடி தன் வாயாலேயே தன் குச்சியைக் குறை சொல்கிறாள் என்றால் விஷயம் நிஜம் என்று ஊருக்குப் புரிந்தது. அடுப்பில் இருந்த சட்டிகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்து கவிழ்ந்தன.

பதினேழு வீடு வரைக்கும் தாள் வெளிர் பழுப்பைத் தாண்டவில்லை. பிழைத்தோம் என்று நான் நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அறுவடை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, பலர் போன வருடக் கிழங்கு வத்தல் மாவைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள்.

பதினெட்டாவது, கோகிலாவின் வீடு. அவள்தான் இந்த வருடம் முதலில் தோண்டியவள். மூன்று வாரத்துக்கு மேலாக மூன்று வேளையும் அதுதான் சாப்பாடு. அவள் மகன் தீபனுக்கு ஒன்பது வயது. சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து மரத்துல இருந்து குதிச்சிருக்கான் போல. காலையில இருந்து நொண்டுறான். சுளுக்குத்தான்" என்றாள் கோகிலா.

"எந்திரிடா கண்ணு" என்றார் அக்கா.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். இரண்டு குதிகாலும் தரையில் படவில்லை.

அக்கா என் பெட்டியைப் பார்க்கவில்லை, தாளைக் கேட்கவில்லை. அவருக்கு ஒரு பார்வை போதும். அப்படியே தரையில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் இரண்டு பாதத்தையும் கையில் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோகிலா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

மிச்ச வீடுகளையும் முடித்துக்கொண்டு நாங்கள் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லாரிகள் வந்து, ஊரே குடமும் அண்டாவுமாக நின்றது. அக்கா நேராக வீட்டுக்குள் போனார்.

"இனியா, வா."

தாளை நனைத்தேன். சந்தேகம் வேண்டாம் என்று இரண்டாவது தாளையும் நனைத்தேன். மூன்று வாரம் அந்தக் கிழங்கைத் தின்ற எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன நிறம் வரும் என்று எனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நிறம் மாறவில்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே, பளிச்சென்ற மஞ்சள்.

தாள் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து அக்காவுக்குச் சோதித்தேன். அடர்ந்த பழுப்பு. தாரணிக்கும் அதே பழுப்பு. மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் தின்றவர்கள். ஒன்றும் விளங்காமல் நான் விழித்தேன்.

"அவளுக்கு வராது சார்" என்றாள் தாரணி.

அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அவளுக்கு மட்டும் நான் ஊறவெச்சுத்தான் குடுப்பேன். மூணு நாள். சின்னச் சட்டியில."

அக்கா நிமிர்ந்தார். "எப்ப இருந்து?"

"மொத வருஷத்துல இருந்தே."

"தண்ணி ஏதுடி?"

"என் பங்கு" என்றாள். "குளிக்கறதுக்கு வெச்சிருக்கறது. துணியை ஈரம் பண்ணித் தொடைச்சுக்குவேன். உனக்கும் சேத்து ஊறவெக்கத்தான் நெனச்சேன், பத்தலம்மா."

மூன்று வருடம். முதல் இரண்டு வருடம் அதற்குத் தேவையே இருக்கவில்லை. கிழங்கில் துளி விஷம் இல்லை என்று நான் ஊரைக் கூட்டி மேடை போட்டுச் சொன்ன அன்றைக்கும், எல்லோரும் கூடித் தின்ற அன்றைக்கும், இந்தப் பெண் உள்ளே உட்கார்ந்து தங்கச்சிக்காக ஒரு சட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நான் சொன்னதை நீ நம்பலையாம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

"நம்பாம இல்ல சார். நீங்க படிச்சவங்க." அவள் தயங்கினாள். "ஆனா கழுவினா போதும், ஒண்ணும் ஆகாதுன்னு அப்பவும் எல்லாரும்தான் சொன்னாங்க. காலு என்னுதுதானே போச்சு."

அக்கா மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டிப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் குரல் வேறு மாதிரி வந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி. அந்தக் கோகிலாகிட்ட ஒரு வார்த்த."

தாரணியின் முகம் உடைந்துபோனது. தீபனைப் பற்றி அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது, அந்தச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும்.

"எப்படிம்மா சொல்றது? எல்லாரும் அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. சாரு அழுதாரு. நீ அன்னைக்குத்தான் ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்ச. நான் போயி, எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னா, நொண்டிக்கு ஊரு நல்லா இருக்கறது பொறுக்கலைன்னு சொல்லுவாங்க. சொல்ல மாட்டாங்களா?"

சொல்வார்கள் என்று அக்காவுக்கும் தெரியும். அன்றைக்கே அவரையும் ஒருவர் அப்படிச் சொன்னார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு வருடத்தில் அந்த வீட்டுக்கு முப்பது தடவை வந்திருப்பேன். அந்தப் பெண் கையால் காப்பி வாங்கிக் குடித்திருக்கிறேன். அந்தக் கிழங்கு உடம்பில் என்ன செய்யும் என்று அந்த வீட்டில் யாரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அவள். 'நீ என்னம்மா நினைக்கிற?' என்று ஒரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் ஊறவைப்பதை ஊரில் நிறுத்தியிருக்க மாட்டோம். நான் ஒரு செடியின் வாயைத்தான் பொத்தினேன் என்று மேடையில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"என் தப்பும்மா" என்றேன். அதைவிடப் பெரிய வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை.

அக்கா மெதுவாக எழுந்து போய் மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். இனியா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு நான் மலை இறங்கவில்லை. மறுநாள் காலையில் இயக்குநருக்கு ஒன்பது பக்கம் எழுதி அனுப்பினேன். மற்ற ஆறு மாவட்டங்களிலும் யாராவது ஒரு நல்ல விவசாயி பச்சைக் குச்சியைப் பொறுக்கிக்கொண்டிருப்பார், உடனே ஆள் அனுப்புங்கள் என்று எழுதினேன். என்னை வேலையை விட்டு நீக்குவது பற்றி அவர்கள் யோசிக்க வசதியாக எல்லாத் தேதிகளையும் குறிப்பிட்டிருந்தேன்.

வெளியே வந்தபோது தாரணி கட்டைகளை ஊன்றி வாசல் இறங்கிக்கொண்டிருந்தாள். தலை குளித்து ஈரக் கூந்தலை முடிந்திருந்தாள். லாரித் தண்ணீர் மிச்சம் இருந்தது போல.

"எங்கம்மா?"

"தீபன் வீட்டுக்கு."

"கோகிலா எதாவது சொல்லிடப் போறாங்க. நானும் வரவா?"

"சொல்லட்டும் சார்." அவள் கடைசிப் படியில் நின்று, ஒரு கட்டையைக் கீழே வைத்து, உடம்பைச் சாய்த்து, அப்புறம் அடுத்த கட்டையை இறக்கினாள். "மொத நாளு எல்லாரும் அவனைத் தூக்கிட்டே திரிவாங்க. அப்படி விடக் கூடாது. படி ஏறுறது தானா வந்துடும் சார். எறங்கறதுதான் பயம். அதை எனக்குச் சொல்லிக் குடுக்க அப்ப யாரும் இல்ல."

சரிவில் இறங்கி அவள் போய்க்கொண்டிருந்தாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.